சிக் லைன்

பேசின் பிரிட்ஜ் யார்டில் நான் சக்கரம் தட்டுகிறவன்.
நீளக் காம்புச் சுத்தியல், டார்ச், ஒரு துண்டு சாக்பீஸ்.
நல்ல சக்கரம் ணங் என்று முழுசாய்ப் பதில் சொல்லும்.
விரிசல் விட்டது
தொண்டை கட்டினாற்போல் பாதியில் நிறுத்திக்கொள்ளும்.
பதினாறு வருஷத்தில் என் காது தவறியதில்லை.

ஒரே ஒரு தடவை தவிர, என்கிறது
இரவு இரண்டே முக்காலுக்கு வருகிற அது.

அதற்கு என் குரல்.
அதனால்தான் வெகுநாள் அதை
நான் என்றே நினைத்திருந்தேன்.
"சிகாமணி, அந்த ஏழாம் பெட்டி ஞாபகமிருக்கா?"

இருக்கிறது.
அரக்கோணம் தாண்டி அச்சு கொதித்துப் புகை வந்தது.
வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.
இரண்டு மாத விசாரணை.
பேரிங்கில் குறை, தட்டினவன் மேல் தப்பில்லை என்று
கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்கள்.

மூடினதை
வியாசர்பாடி வீட்டில், மின்விசிறிக்கு அடியில்
ராத்திரிதோறும் நான் திறந்தேன்.
நானே சாட்சி, நானே நீதிபதி, வக்கீல் கிடையாது.
செத்திருக்கக் கூடியவர்களை ஒவ்வொருவராய்
ஏழாம் பெட்டியிலிருந்து இறக்கிப் படுக்க வைப்பேன்.
சன்னலோரக் குழந்தைக்கு மட்டும்
எப்போதும் எஸ்கலின் ஜாடை.

எஸ்கலின் எழுந்து தண்ணீர் கொடுப்பாள்.
"ஜெபம் பண்ணுங்க" என்பாள்.
பண்ணினேன். அதுவும் வாக்குமூலமாகவே முடிந்தது.
ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கைக்கு
சபையில் முதலில் தரை தொடுவது என் முழங்கால்.
போதகர் மன்னிப்பைச் சொன்னதும் எல்லாரும் எழுவார்கள்.
என் உடம்பும் எழும்.
மனசு கீழேயே கிடக்கும்.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு கரண்ட் போயிற்று.
மைக் செத்தது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
எபநேசர் ஐயாவுக்கு மெல்லிய சாரீரம்,
அன்றைக்குக் கத்த வேண்டியதாயிற்று.
கழுத்து நரம்பு புடைக்க, பஸ் ஹாரனுக்கு மேலே,
கொஞ்சம் எரிச்சலோடுகூட:
"கர்த்தர் மன்னிச்சாச்சு!
மன்னிச்சாச்சுன்னு சொல்றேன், கேக்குதா பின்னாடி?"

கேட்டது.
காதால் பிழைக்கிறவனுக்கு
பாதியில் நின்றுபோகாத ஒரு சத்தம்
கேட்டது.

அதோடு அது வராமல் போய்விடவில்லை.
அன்று ராத்திரியே வந்தது. அதே நேரம், அதே குரல்.
நான்தான் முதல் தடவையாக
எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.
தட்டிப் பார்த்தேன்.
"நீ கொலைகாரன்."
தொப்.
"உனக்கெல்லாம் மன்னிப்பு ஏது."
தொப்.
"வேலையில கவனமாயிரு."
அது மட்டும் ணங் என்றது. வைத்துக்கொண்டேன்.

ஓடத் தகாத பெட்டியில் சாக்பீஸால் எழுதி
சிக் லைனுக்குத் தள்ளிவிடுவது யார்டு வழக்கம்.
அதைத் திட்டுவதில்லை. அதோடு வாதாடுவதில்லை.
உள்ளே வந்த பெட்டியையெல்லாம்
வண்டியில் கோத்தாக வேண்டுமென்று சட்டமா இருக்கிறது?
"இயேசுவே, இது உம்ம லைன்" என்று
தள்ளிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன்.
சில ராத்திரி ஒரு தள்ளு போதும்.
சில ராத்திரி நாற்பது.
டாக்டர் கொடுத்த அரை மாத்திரையும் உண்டு.
அதையும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் விழுங்குகிறேன்.

நேற்று ஷிஃப்டில் முகைதீன் கேட்டான்:
"என்னண்ணே, சக்கரத்தோட பேசிக்கிட்டே வர்றீங்க?"
பேசவில்லை. பெட்டி எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஐந்து. ஆறு.
இவ்வளவு நாளும் ஏழாவதை மூன்று தடவை தட்டுவேன்,
நான்கு தடவை,
கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை.

நேற்று ஒரு தடவை தட்டினேன்.
ணங்.
எட்டாவதுக்கு நடந்தேன்.